காக்கைப் பிளவில் ஒரு ஜோடி பூட்ஸ்

ரோமெட்டுக்கு உயரம் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. தன் மூக்குக் கண்ணாடிக் கடையில் மேல்தட்டில் இருக்கும் சட்டத்தை எடுக்க ஸ்டூல் மீது ஏற வேண்டியிருந்தால், வாங்க வந்தவரையே ஏறச் சொல்லிவிடுவார். ஞாயிறு பூசையில் பாடகர்கள் நிற்கும் மாடத்தை அண்ணாந்து பார்த்தாலே பெஞ்சை இறுகப் பிடித்துக்கொள்வார். எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஒரு மலை மூக்கை உள்ளே நீட்டுகிற ஆல்ப்ஸ் மலைநாடான டிரோலில் பிறந்து, அறுபது வயது தாண்டும்வரை இதை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார் என்றால், அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு வெண்கலச் சிலையே வைக்கலாம். பீடம் இல்லாமல், தரையோடு தரையாக.

அவர் மனைவி ஒட்டிலி நேர் எதிர். முப்பது வருஷம் தபால்காரியாக இருந்தவள். பள்ளத்தாக்கில் இருக்கும் கடிநாய்கள் எல்லாம் அவளைக் கண்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு தபாலைப் பணிவாக வாயில் வாங்கிக்கொள்ளும். இடி இடித்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காபி குடிப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அவள் சொல்லிவிட்டாள், வரும் கோடையில் மலைமுகட்டுப் பாதையில் குடில் குடிலாகத் தங்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கப் போகிறோம் என்று.

குளிர்காலம் முழுவதும் சமையலறை மேசையில் வரைபடம் விரித்துக் கிடந்தது. திட்டம் போடும் பொறுப்பு ரோமெட்டுடையது. எந்தக் குடிலில் எந்த இரவு, எங்கே தண்ணீர் நிரப்புவது, எந்தக் குடிலில் உருண்டை சூப் நன்றாக இருக்கும், எதில் கஞ்சத்தனமாக ஒரே உருண்டை போடுவார்கள் என்பதெல்லாம் விசாரித்து வைத்தார். பனி உருகுவதற்குள் படுக்கைகள் தீர்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு குடிலுக்கும் போன் போட்டார். பென்சிலால் அழகாக ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு ஆடுமேட்டுக் குடில் வரை மலை மீதே போய், அங்கிருந்து திடீரென்று மனம் மாறியதுபோல் பள்ளத்தாக்கில் இறங்கி, ஒரு பெரிய வட்டம் அடித்து, மறுபடி ஏறி ஏரிக் குடிலைத் தொட்டது.

ஒட்டிலி அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்ன, இங்க கோடு மலைய விட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகுது?"

"அங்க ஒரு பழைய மாதா கோயில் இருக்கு. பாத்துட்டுப் போலாம்னு."

"ஈஸ்டருக்கே நீ கோயிலுக்கு வரல."

"வயசாகுதில்ல. பக்தி வருது."

"காக்கைப் பிளவு வழியா நேரா போனா மறுபக்கம் ஏரிக் குடில். அதுக்குப் போய் ஊரச் சுத்தணுமா?" அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். "பயமா இருந்தா சொல்லு ரோமெட். நீ பஸ்ல போ. நான் பிளவு வழியா வர்றேன். நீ சூப் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துருவேன்."

காக்கைப் பிளவு என்பது இரண்டு பாறைப் பற்களுக்கு நடுவே ஒரு சந்து. இந்தப் பக்கம் சரளைச் சரிவு. அந்தப் பக்கம் செங்குத்தான சுவர். அதில் இரும்பு ஏணி. அந்த ஏணி எவ்வளவு நீளம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். ரோமெட்டின் கனவில் அது கீழே போய் நரகத்தில் முடிந்து, அங்கே ஒருவன் நுழைவுச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருப்பான். ஆனால் அதைவிட மோசமான இன்னொரு கனவும் வந்தது. அதில் அவர் ஏரிக் குடிலில் சூப்பின் முன் உட்கார்ந்திருக்கிறார். சூப் ஆறுகிறது. ஆடை படிகிறது. கதவு திறக்கவே இல்லை.

அவர் ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை அழித்தார்.

கோடையும் வந்தது, நடையும் தொடங்கியது. முதல் சில நாட்கள் அகலமான பாதை, பசு மாடுகள், வெயில். ரோமெட் விசிலடித்துக்கொண்டே நடந்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆடுமேட்டுக் குடிலை அடைந்த மாலையில் விசில் நின்றது. அங்கே ஜன்னல் வழியாகவே காக்கைப் பிளவு தெரிந்தது, வானத்தில் யாரோ ஒரு பல்லைப் பிடுங்கிவிட்ட மாதிரி.

குடில்காரி சூப்பை வைத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு இடி மழை. மதியத்துக்கு முன்னாடி பிளவைத் தாண்டிருங்க. மதியத்துக்கு மேல அது புனித பேதுருவோட இடம். அவர் அங்க பந்து உருட்டி விளையாடுறதுதான் இடி."

பக்கத்து மேசையில் பலர் சிரித்தார்கள். ரோமெட்டின் கரண்டி கிண்ணத்தில் தாளம் போட்டது.

இருபது பேர் ஒரே பலகைக் கட்டிலில் வரிசையாகப் படுத்துக் குறட்டை விடுகிற அறையில் அவர் மட்டும் விழித்திருந்தார். விடியலின் சாம்பல் கோடு தெரிந்ததோ இல்லையோ, ஒட்டிலியை உலுக்கினார். மற்றவர்கள் எழுந்து, ரொட்டி தின்று, அரட்டையடித்துக் கிளம்புவதற்குள் அந்த ஏணியை முடித்துவிட வேண்டும். மதியம் வரைக்கும் காத்திருப்பானேன், காலையிலேயே தாண்டிவிட்டால் பேதுருவோடு என்ன பேச்சு.

பூட்ஸை எல்லாம் கீழ் அறையில்தான் கழற்றி வைக்க வேண்டும். குடிலுக்குள் யாரும் பூட்ஸோடு நடக்கக் கூடாது. அந்த அறையில் ஜன்னல் கிடையாது. இருக்கிற நாற்றத்தை வெளியே விட்டால் கீழே பள்ளத்தாக்கில் பசுக்களுக்குக் கறவை வற்றிவிடும் என்று கட்டியவன் நினைத்திருக்க வேண்டும். விளக்கைப் போட்டால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் குடில்காரி எழுந்து வந்து ஏதாவது கேட்பாள், பேச்சுக் கொடுத்தால் தன் குரல் நடுங்குவது தெரிந்துவிடும். ஆகவே ரோமெட் இருட்டில் தடவினார். மூன்றாவது தட்டு, சுவரோரம், உயரக் கழுத்து, தடித்த நாடா. கிடைத்தது. அந்த வசந்தத்தில் பள்ளத்தாக்கின் ஒரே செருப்புக் கடையில் ஒரே மாதிரி பழுப்பு பூட்ஸைத் தள்ளுபடியில் குவித்து வைத்திருந்தார்கள் என்பதும், பாதி ஜில்லா அதைத்தான் மாட்டிக்கொண்டு அலைகிறது என்பதும் அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

வெளியே வந்து நல்ல வெளிச்சம் வரும்வரை ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. குதிகால் ஒவ்வொரு அடிக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. அவர் கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்: பயத்தில் கால் சுருங்கிவிட்டது. அப்படி நடக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை, ஆனால் அவர் அளவுக்கு யாரும் பயந்ததும் இல்லையே.

சரளைச் சரிவின் அடியில் அவர் தடுக்கி உட்கார்ந்தபோது ஒட்டிலி குனிந்து பார்த்தாள்.

"காலக் காட்டு."

"ஒண்ணுமில்ல. பூட்ஸ் பனியில ஊறி விரிஞ்சிருக்கு."

அவள் ஒன்றைக் கழற்றி உள்ளே பார்த்தாள். அடியில் டெய்ஸிப் பூப் போட்ட மெத்தை அட்டை இருந்தது.

"இது உனக்கு எப்போ பூத்துச்சு?"

ரோமெட் அந்தப் பூக்களைப் பார்த்தார். பயத்துக்கு நடுவே அவர் நெஞ்சில் மெல்ல ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நியாயமான காரணம். யாரும் குறை சொல்ல முடியாத காரணம்.

"திரும்பிப் போயிரலாம் ஒட்டிலி. அடுத்தவங்க பொருள். பாவம், வெறுங்காலோட உக்காந்திருப்பாங்க."

"திரும்பிப் போயி மறுபடி வந்தா மதியம் தாண்டிரும். எல்லாரும் இன்னைக்கு இந்தப் பக்கந்தான வர்றாங்க, உன்னோடத மாட்டிட்டு வருவாங்க. ஏரிக் குடில்ல மாத்திக்கலாம். இப்பிடி நடக்கிறதுதான்." அவள் தன் பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை உருவி அவர் மடியில் போட்டாள். "இத முன்னாடி திணிச்சுக்கோ. நட."

இரவெல்லாம் விழித்துப் போட்ட திட்டம் இப்படித்தான் கவிழ்ந்தது. சீக்கிரம் தாண்ட வேண்டும் என்று இருட்டில் எடுத்த பூட்ஸ், அவரை நத்தையாக்கிவிட்டது. ஒரு அடி ஏறினால் பூட்ஸ் அரை அடி இறங்கியது, சரளை இன்னொரு அரை அடி இறங்கியது. கணக்குப் பார்த்தால் அவர் நின்ற இடத்திலேயே நின்று மலையைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். சூரியன் மேலே ஏறியது. தெற்கில் ஒரு காலிஃபிளவர் மேகம் முளைத்தது. பிறகு அதன் அண்ணன். பிறகு குடும்பம் முழுவதும்.

பிளவின் மேல் வந்தபோது மதியம் ஆகிவிட்டிருந்தது. உட்கார ஒரு சர்ச் பெஞ்சு அளவு இடம். மறுபக்கம் எட்டிப் பார்த்த ரோமெட் உடனே கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள்ளும் பள்ளம் தெரிந்தது.

"நான் முதல்ல இறங்கிக் காட்டுறேன்," என்றாள் ஒட்டிலி. "ஏணிதான். நம்ம வீட்டுப் பரண் ஏணி மாதிரி."

"பரணுக்கும் நீதான ஏறுவ."

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள். தொப்பி சின்னதாகி, பொத்தானாகி, கீழே சரளையில் நின்று கையசைத்தது. ரோமெட் திரும்பி, வயிற்றைப் பாறையில் ஒட்டி, வலது காலைக் கீழே விட்டார். பெரிய பூட்ஸின் மூக்கு படியில் இடித்து வழுக்கியது. மறுபடி விட்டார். மறுபடி வழுக்கியது. காலை மேலே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். அதற்கப்புறம் அவர் உடம்பில் கண்ணிமையைத் தவிர வேறெதுவும் அசையவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் சரளை உருளும் சத்தம் கேட்டது. ஒரு பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். பீப்பாய் போன்ற உடம்பு, தக்காளிச் சிவப்பில் முகம், இரண்டு காலும் நொண்டி.

"யோவ்," என்றாள் மேலே வந்ததும். "அது என் பூட்ஸ்."

மரங்கள் முடிகிற உயரத்துக்கு மேலே யாருக்கும் மரியாதைப் பன்மை கிடையாது. பிஷப்பே வந்தாலும் 'நீ'தான். செருப்புத் திருடனுக்கு அதுவும் அதிகம்.

"தெரியும்," என்றார் ரோமெட் அசையாமல். "பூப் போட்டிருக்கு."

"நான் ஸென்ஸி. உன் பூட்ஸுக்குள்ள என் கால் விரல் அஞ்சும் மடங்கிக் கும்பிடு போட்டுட்டு வருது. இதுக்குள்ள நீ எப்பிடிய்யா கால வைக்கிற? பொம்மைக் காலா உனக்கு?"

"மன்னிச்சிரு. இருட்டுல எடுத்துட்டேன்."

"இங்க என்ன பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

ஸென்ஸி அவருடைய விரல்களைப் பார்த்தாள். பாறையைப் பிடித்திருந்த விரல்கள் வெள்ளையாகிப் போயிருந்தன. பிறகு தெற்கே வானத்தைப் பார்த்தாள். அங்கே மேகக் குடும்பம் கறுத்துப் போய் அடிவயிற்றில் ஊதா நிறம் காட்டியது. அவள் குரல் இறங்கியது.

"சரி. இதோட உன்னால இறங்க முடியாது. என்னாலயும் முடியாது. மாத்திக்குவோம். சீக்கிரம்."

அந்தச் சர்ச் பெஞ்சு அகலத்தில், இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாத காற்றில், முன்பின் தெரியாத இருவர் நாடாவை அவிழ்த்தார்கள். ஸென்ஸி தன்னுடையதைப் போட்டுக்கொண்டு ஒரு முனகலோடு விரல்களை நீட்டினாள். ரோமெட் தன் வலது பூட்ஸை மாட்டினார். இடதை எடுக்கக் கை நீட்டினார். விரல் நுனி அதைத் தட்டிவிட்டது. பூட்ஸ் ஒரு கணம் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தது. பிறகு போய்விட்டது.

பாறையில் ஒரு தட்டு. நெடுநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு தட்டு.

கீழிருந்து ஒட்டிலியின் குரல் கிழிந்து வந்தது. "ரோமெட்! விழுந்தது நீயா?"

"பூட்ஸ் மட்டுந்தான்."

"காலோடவா?"

"கால் என்கிட்ட இருக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் முதல் இடி இறங்கியது. தூரத்தில்தான், ஆனால் பாறை அதைத் தன் எலும்பில் வாங்கிக்கொண்டது. காற்று சட்டென்று குளிர்ந்தது. இனி கீழே கத்தினால் மேலே கேட்காது, மேலே கத்தினால் கீழே கேட்காது. ரோமெட் எட்டிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். சரளையில் பொத்தான் அளவு இருந்த தொப்பி இப்போது அங்கே இல்லை. அது ஏணியின் அடியில் இருந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"ஏறி வர்றா," என்றார்.

"யாரு?"

"என் பொண்டாட்டி. என்னக் கூட்டிட்டுப் போக."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ரோமெட் தன் காதுக்குள் என்று நினைத்தார். பிடித்துக்கொள்வதற்காகப் பாறையோடு ஓடிய இரும்பு வடம், ஒரு கூட்டுத் தேனீக்களை விழுங்கிவிட்டதுபோல் ரீங்கரித்தது. ஸென்ஸியின் நரைமுடி தொப்பியின் ஓரமெல்லாம் நேராக நட்டுக்கொண்டு நின்றது.

"வடம் பாடுது," என்றாள் அவள். அவள் முகத்திலிருந்து தக்காளி நிறம் முழுக்கப் போயிருந்தது. "இடி இங்கதான் விழப் போகுது. இங்க இருக்கக் கூடாது. அவ அந்த இரும்புல இருக்கக் கூடாது. நீ சொன்னா கேப்பாளா?"

"நாப்பது வருஷமாக் கேட்டதில்ல."

அந்த ஏணியில் ஒரு ஆளுக்குத்தான் இடம். மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தால் கீழே இருப்பவர் இறங்கியே ஆக வேண்டும். இதை ரோமெட் யோசித்தாரா என்று அவருக்கே தெரியாது. பயத்தில் அவர் வயிற்றில் உறைந்திருந்த பனிக்கட்டி அப்படியேதான் இருந்தது, கொஞ்சமும் உருகவில்லை, இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தது. அந்தப் பனிக்கட்டியோடேயே அவர் திரும்பி, இடது காலைக் கீழே விட்டார். பூட்ஸ் இல்லாத கால், காலுறைக்குள் விரல்களால் படியைத் தேடி, ஒரு குரங்கு கிளையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டது. இரும்பு ஊசி ஊசியாகக் குத்தியது. குளிரா மின்சாரமா என்று பார்க்க நேரமில்லை. அவர் இறங்கினார். ஒரு கால் பூட்ஸ், ஒரு கால் காலுறை, வாயில் மாதாவின் பெயரும் ஸ்னாப்ஸ் சாராயக் கடையில் மட்டும் கேட்கக்கூடிய வேறு சில பெயர்களும். பாறை அவர் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் மேலே ஓடிக்கொண்டிருந்தது. நடு ஏணியில் அவர் காலுறை மிருதுவாக எதையோ மிதித்தது.

"என் தலை," என்றாள் ஒட்டிலி கீழிருந்து.

"இறங்கு."

"நான் உன்னக் கூட்டிட்டுப் போக..."

"இறங்குடின்னா இறங்கு!" அவர் இன்னும் ஒரு முறை மிதித்தார். நாற்பது வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவள் அதிர்ச்சியில் இறங்கிவிட்டாள்.

பின்னாலேயே ஸென்ஸியும் இறங்கி வர, மூவரும் சரளையில் விழுந்து ஓடினார்கள். இரும்பிலிருந்து தூரமாக, சுவரிலிருந்து தூரமாக. பைகளில் செருகியிருந்த உலோக ஊன்றுகோல்களை ஸென்ஸி பிடுங்கி எறிந்தாள். "ஒண்ணா உக்காரக் கூடாது," என்று கத்தினாள். "தனித்தனிக் குழி. பை மேல உக்காரு. முட்டியக் கட்டிக்கோ. யாரும் யாரையும் தொடக் கூடாது." ஆளுக்கொரு குழியில் சுருண்டார்கள். அடுத்த மூச்சில் வானம் வெள்ளையாகி, காக்கைப் பிளவில், அவர்கள் உட்கார்ந்து நாடா அவிழ்த்த அதே பெஞ்சில், பேதுருவின் பந்து விழுந்தது. சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. உலகம் நடுவில் மடிந்தது. கருகிய கல்லின் நாற்றம் வந்தது. பிறகு ஆலங்கட்டி, வால்நட் அளவில், முதுகெல்லாம்.

ரோமெட் முட்டிக்கு நடுவிலிருந்து பார்த்தார். அடுத்த குழியில் ஒட்டிலி இருந்தாள். அவள் பற்கள் அடித்துக்கொள்வது இடிக்கு நடுவிலும் கேட்டது. உடம்பு முழுக்க உதறியது. கண்கள் அகன்று, வாய் கோணி, யாரோ அறியாத ஒருத்தியின் முகம். அவளுக்குப் பயம் வந்திருந்தது, வாழ்நாளில் முதல் தடவையாக. எப்படிப் பயப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் எழப் பார்த்தாள். ஓடிவிடுவாள்.

"ஒட்டிலி," என்றார் அவர். "உக்காரு. என்னப் பாரு. கண்ண மூடாத. மூடினா உள்ள இருக்கிறது பெருசாத் தெரியும்."

"ரோமெட், எனக்கு என்னமோ ஆகுது."

"வயித்துல ஐஸ் கட்டி மாதிரியா?"

"ஆமா."

"முட்டி உன்னோடதே இல்லாத மாதிரியா?"

"ஆமா."

"நாக்கு காஞ்சு போயி, காதுக்குள்ள ஆறு ஓடுதா?"

"ஆமா, ஆமா."

"அவ்வளவுதான். அது ஒண்ணும் பண்ணாது. அது என்கூட அறுபது வருஷமா இருக்கு. உதறினா உதறட்டும், நிறுத்தப் பாக்காத. நிறுத்தப் பாத்தாத்தான் வலிக்கும். ஏதாவது பக்கத்துல இருக்கிற சின்னப் பொருளப் பாரு. என்ன இருக்கு?"

"கல்லு."

"என்ன கலர்?"

"சாம்பல். ஒரு வெள்ளைக் கோடு."

"அதப் பாத்துக்கிட்டே இரு. அது உன்ன விட்டு எங்கயும் போகாது."

மூன்றாவது குழியிலிருந்து ஸென்ஸியின் குரல் வந்தது. "எனக்கும் சொல்லுய்யா. எனக்கும் உதறுது."

மறுபடி வானம் வெளுத்தது. ரோமெட்டின் தலைமுடி நட்டுக்கொண்டது. கைகளை எட்டி நீட்டினால் ஒட்டிலியின் விரல் நுனி கிடைத்துவிடும். அவர் கைகளை அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு, இடி ஓயும்வரை காத்திருந்து, மறுபடி பேசினார். நடுங்கும் குரலில், நிதானமாக. எச்சிலை எப்படி விழுங்குவது, மூச்சை எப்படித் துண்டு துண்டாக விடுவது, எந்த இடத்தில் பல்லைக் கடிக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று. தெரிந்ததெல்லாம் தீர்ந்தபோது இடி அடுத்த பள்ளத்தாக்குக்கு நகர்ந்திருந்தது, ஆனால் யாரும் எழவில்லை.

"இன்னும் கொஞ்சம் சொல்லு," என்றாள் ஒட்டிலி.

ரோமெட் ஈரமான காலுறையை இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு நிமிஷம் யோசித்து, புளுக ஆரம்பித்தார்.